தராசில் ஏறிய இருபதாயிரம் குழந்தைகள்

வளரும் குழந்தைக்கு நாள்தோறும் ஒரு குவளைப் பால் நல்லது என்று சொல்ல ஆராய்ச்சியாளர் ஒருவர் வேண்டுமா? எந்த வீட்டுப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லிவிடுவாரே என்று நீங்கள் நினைக்கலாம். உண்மைதான். ஆனால் பாட்டிக்கு இருப்பது நாலைந்து பேரக் குழந்தைகள். யார் இளைத்திருக்கிறான், யாருக்குப் பசி அதிகம் என்பதைக் கண்ணால் பார்த்தே அவர் அளந்துவிடுவார். ஓர் அரசாங்கத்தின் நிலை அப்படியா? அதன் பொறுப்பில் பல லட்சம் குழந்தைகள் இருக்கிறார்கள். எந்த உணவைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விகளுக்கெல்லாம் அது விடை காண வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொரு கேள்வியும் உண்டு. கொடுத்த உணவு பலன் தந்ததா என்று எப்படி அறிவது?

இந்தக் கடைசிக் கேள்விதான் மிகவும் கடினமானது. 1930ஆம் ஆண்டில் இருபதாயிரம் பள்ளிக் குழந்தைகளை வைத்து இதற்கு விடை தேடினார்கள். அந்தப் பெரும் பரிசோதனை பழுதுபட்டது. பழுதுக்குக் காரணம் சோம்பலோ, ஊழலோ அல்ல. ஆசிரியர்களின் இரக்க குணம்! அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அதற்கு முன் சில ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம்.

கட்டாயக் கல்வியும் காலி வயிறும்

இங்கிலாந்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வி கிடைக்க வழி செய்த சட்டம் 1870இல் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் பிராட்போர்டு நகரின் பிரதிநிதியான டபிள்யூ. இ. ஃபார்ஸ்டர். 1880இல் பள்ளிக்குச் செல்வது கட்டாயமாயிற்று. அதுவரை ஆலைகளிலும் தெருக்களிலும் திரிந்த ஏழைக் குழந்தைகள் வகுப்பறைக்குள் வந்து அமர்ந்தார்கள்.

அப்போதுதான் ஆசிரியர்கள் ஒன்றைக் கண்கூடாகக் கண்டார்கள். பல குழந்தைகள் வெறும் வயிற்றோடு வந்தார்கள். காலையில் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் கண்கள் சொருகின. பள்ளிக்கு வா என்று சட்டம் போடலாம். பசியோடு இருப்பவனைப் படி என்று சட்டம் போட முடியுமா?

இந்தப் பசி ஆட்சியாளர்களின் கவனத்துக்கு வந்தது வேறொரு வழியாக. 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. படையில் சேர முன்வந்த தொழிலாளர் வீட்டு இளைஞர்களில் பெரும் பகுதியினர் உயரம் போதாது, எடை போதாது, பல் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டனர். ஆள்வோர் திடுக்கிட்டனர். 1904இல் ஓர் ஆய்வுக் குழு அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து 1906இல் பள்ளி உணவுச் சட்டம் நிறைவேறியது. பசித்த மாணவருக்கு உணவளிக்க உள்ளூர்க் கல்வி மன்றங்கள் வரிப்பணத்தைச் செலவிடலாம் என்றது அச்சட்டம். 'செலவிடலாம்' என்றதே தவிர, 'செலவிட வேண்டும்' என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். செலவுக்கும் வரம்பு இருந்தது. ஒரு பவுண்டு மதிப்புக்கு அரைப் பென்னி வரிக்கு மேல் போகக் கூடாது.

பிராட்போர்டின் நாற்பது குழந்தைகள்

அந்த 'செலவிடலாம்' என்ற சொல்லை உடனே கைப்பற்றிக்கொண்ட நகரங்களில் முதன்மையானது கம்பளி ஆலைகள் நிறைந்த பிராட்போர்டு. அங்கே கல்வி மன்றத்தின் மருத்துவ அதிகாரியாக இருந்தவர் டாக்டர் ரால்ஃப் கிரௌலி. அவரும், சமையற்கலைக் கல்விக்குப் பொறுப்பாக இருந்த மாரியன் கஃப் என்ற அம்மையாரும் சேர்ந்து 1907ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒரு சிறு சோதனை நடத்தினார்கள்.

மிக ஏழ்மையான பகுதியிலிருந்து சுமார் 40 குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுக்குப் பள்ளி நாட்களில் காலைச் சிற்றுண்டியும் பகல் உணவும் தரப்பட்டன. காலையில் பாலும் வெல்லப்பாகும் சேர்த்த ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி, பால். பகலில் நாளுக்கு ஒரு வகை. மாரியன் கஃப் ஒவ்வோர் உணவிலும் புரதமும் கொழுப்பும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சமையல் பட்டியல் வகுத்தார். மேசைகளுக்கு விரிப்பு உண்டு, பூக்கள் உண்டு. மூத்த மாணவிகள் பரிமாறினார்கள்.

திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? கஞ்சியைக் கண்ட குழந்தைகளில் பலர் தட்டை ஒதுக்கிவிட்டார்கள்! அவர்கள் அதுவரை ருசி பார்த்திராத உணவு அது. நல்ல உணவு என்பது வேறு, பழகிய உணவு என்பது வேறு என்ற பாடம் அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் யாரும் அவர்களை அதட்டவில்லை. சில நாட்களில் தட்டுகள் காலியாகத் தொடங்கின.

குழந்தைகள் வாரந்தோறும் எடை போடப்பட்டார்கள். உணவு பெறாத, அதே போன்ற குடும்பங்களைச் சேர்ந்த வேறு சில குழந்தைகளின் எடையும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. உணவு பெற்றவர்களின் எடைக்கோடு விறுவிறுவென்று ஏறியது. நடுவே ஒரு வாரம் விட்சன் பண்டிகை விடுமுறை வந்தது. பள்ளி இல்லை, ஆகவே உணவும் இல்லை. அந்த ஒரு வாரத்தில் கோடு சரிந்து இறங்கியது! பள்ளி திறந்ததும் மீண்டும் ஏறியது.

வரைபடத்தில் விழுந்த அந்தச் சிறு பள்ளம், பக்கம் பக்கமாக எழுதிய அறிக்கையைவிட உரக்கப் பேசியது. பசி விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை என்பதை அது காட்டியது. 1914இல் திருத்தப்பட்ட சட்டம் விடுமுறை நாட்களிலும் உணவளிக்க இடம் தந்தது. அரைப் பென்னி வரம்பையும் நீக்கியது.

ஆயினும் 40 என்பது சிறிய எண்ணிக்கை அல்லவா? ஒரு நகரம், ஒரு கோடைக்காலம், ஒரு கூட்டம் குழந்தைகள். இதை வைத்து ஒரு நாடு முழுவதற்கும் திட்டம் வகுக்க முடியுமா?

ஒரு பைண்ட் பால்

அடுத்த முக்கியமான ஆய்வு லண்டனுக்கு அருகே ஒரு சிறுவர் இல்லத்தில் நடந்தது. 1922 முதல் சில ஆண்டுகள் அங்கே உழைத்தவர் டாக்டர் ஹெரால்ட் காரி மான். அந்த இல்லத்துச் சிறுவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். அக்கால மருத்துவர்கள் 'போதுமானது' என்று ஒப்புக்கொண்ட உணவையே அவர்கள் உண்டு வந்தார்கள். காரி மான் அவர்களைக் குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வழக்கமான உணவு மட்டும். மற்றக் குழுக்களுக்கு அதனோடு கூடுதலாக ஒவ்வொரு பொருள்; ஒன்றுக்குப் பால், ஒன்றுக்கு வெண்ணெய், ஒன்றுக்குச் சர்க்கரை என்று தந்தார்.

1926இல் முடிவுகள் வெளியாயின. வழக்கமான உணவு மட்டும் உண்ட சிறுவர் ஓர் ஆண்டில் சராசரியாக 3.85 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.75 கிலோ எடை கூடினர். நாள்தோறும் ஒரு பைண்ட் பால் கூடுதலாகப் பெற்றவர்களோ 6.98 பவுண்டு, அதாவது 3.2 கிலோ அளவுக்குக் கூடினர். உயரத்தில் முதல் குழு 1.84 அங்குலமும், பால் குழு 2.63 அங்குலமும் வளர்ந்தன. (ஒரு பைண்ட் என்பது 568 மில்லிலிட்டர்.)

'போதுமானது' என்று எல்லோரும் நம்பிய உணவு, உண்மையில் போதாமல் இருந்தது! வயிறு நிறைவது ஒன்று. உடல் வளரத் தேவையான புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் கிடைப்பது இன்னொன்று. இந்த வேறுபாட்டை அந்த எண்கள் தெளிவாக்கின.

அடுத்த ஆண்டில், அபெர்டீன் நகர ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜான் பாய்ட் ஆர் ஸ்காட்லாந்து நகரங்களின் பள்ளிக்கூடங்களில் இதைச் சோதித்தார். பிற்காலத்தில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்கு முதல் தலைவராகி, 1949இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் இவரே. ஒரு குழுவுக்கு முழுப் பால், ஒரு குழுவுக்குக் கொழுப்பு நீக்கிய பால், ஒரு குழுவுக்கு அதே அளவு கலோரி தரும் பிஸ்கட் என்று கொடுத்துப் பார்த்தார். பால் குடித்தவர்களின் வளர்ச்சி மற்றவர்களுடையதைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகமாக இருந்தது. கொழுப்பு நீக்கிய மலிவான பாலும் நல்ல பலன் தந்தது. ஆகவே பாலின் மகிமை வெறும் கலோரியில் இல்லை என்பது தெரிந்தது.

லானார்க்ஷயரில் நான்கு மாதங்கள்

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். லானார்க்ஷயர் என்பது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரை ஒட்டிய, நிலக்கரிச் சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் நிறைந்த மாவட்டம். 1930இல் உலகப் பொருளாதார மந்தம் அங்கும் எட்டியிருந்தது. இன்னொரு புறம் பண்ணைகளில் பால் விற்பனையாகாமல் மிஞ்சியது. குடிக்க ஆளில்லாத பால் ஒரு பக்கம், பால் இல்லாத குழந்தைகள் மறு பக்கம்!

'சிறிய எண்ணிக்கை' என்று இம்முறை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று ஸ்காட்லாந்தின் சுகாதாரத் துறை தீர்மானித்தது. 67 பள்ளிகளில் 5 வயது முதல் 12 வயது வரையுள்ள 20,000 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 10,000 பேருக்கு நாள்தோறும் முக்கால் பைண்ட் பால். மற்ற 10,000 பேருக்குப் பால் இல்லை. பால் குடித்தவர்களிலும் 5,000 பேருக்குக் காய்ச்சாத பால், 5,000 பேருக்குப் பாஸ்டர் முறையில் சூடேற்றிய பால். பிப்ரவரி தொடக்கத்தில் எல்லோருடைய எடையும் உயரமும் அளக்கப்பட்டன. ஜூன் மாதம் மீண்டும் அளக்கப்பட்டன.

சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளி நாளும் ஏறத்தாழ 4,250 லிட்டர் பால் கெட்டுப்போகாமல் 67 பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். வகுப்பறையில் பெயர் பார்த்து, பட்டியலில் உள்ளவரே குடிக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். இத்தனையும் நடந்தது. செலவு சுமார் 7,500 பவுண்டு. அறிக்கையும் வந்தது: பால் குடித்த குழந்தைகள் கூடுதலாக வளர்ந்தார்கள், காய்ச்சாத பாலும் சூடேற்றிய பாலும் ஒரே அளவு பலன் தந்தன. அதிகாரிகள் மகிழ்ந்தார்கள். விஷயம் முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

'மாணவர்' கண்டுபிடித்த குறை

1931இல் புள்ளியியல் ஆராய்ச்சி ஏடு ஒன்றில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் பெயர் 'ஸ்டூடன்ட்'. தமிழில் சொன்னால் 'மாணவர்'! அது புனைபெயர். உண்மையில் அவர் வில்லியம் சீலி காசெட் என்பவர்; டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடி ஆலையில் பணிபுரிந்தவர். ஊழியர்கள் தம் சொந்தப் பெயரில் ஆராய்ச்சிகளை வெளியிடுவதை அந்நிறுவனம் அனுமதிக்கவில்லை. ஆகவே அவர் இப்பெயரில் எழுதினார். கல்லூரியில் புள்ளியியல் படிப்பவர்கள் இன்றும் கற்கும் 'டி சோதனை' 1908இல் இவர் தந்ததுதான்.

காசெட் எழுப்பிய முதல் கேள்வி எளிமையானது. பால் பெற வேண்டிய குழந்தைகளை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

விதி இதுதான். சில பள்ளிகளில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில பள்ளிகளில் பெயரின் முதலெழுத்து வரிசைப்படி பிரிக்க வேண்டும். அதுவரை சரி. ஆனால் அதோடு ஒரு சலுகையும் தரப்பட்டிருந்தது. இப்படிப் பிரித்ததில் ஒரு குழுவில் நன்கு உண்டு கொழுத்த குழந்தைகளோ, மெலிந்த குழந்தைகளோ அளவுக்கு மீறி இருந்தால், ஆசிரியர்கள் சிலரை மாற்றிக்கொள்ளலாம்!

நீங்கள் அந்த ஆசிரியராக இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் கையில் சீட்டு விழுந்த பட்டியல் இருக்கிறது. கடைக்காரர் மகன் பெயர் பால் பட்டியலில் இருக்கிறது. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளியின் மகள், கன்னம் ஒட்டி, கண் குழிந்து, உங்கள் முன்னே நிற்கிறாள். அவள் பெயர் பால் இல்லாத பட்டியலில். மாற்றிக்கொள்ளலாம் என்று மேலிடமே சொல்லியிருக்கிறது. உங்கள் பேனா என்ன செய்யும்?

லானார்க்ஷயரின் ஆசிரியர்களுடைய பேனாக்களும் அதைத்தான் செய்திருக்க வேண்டும் என்றார் காசெட். ஆதாரம் அறிக்கையின் எண்களிலேயே இருந்தது. பரிசோதனை தொடங்கும் முன்பே, பால் பெறாத குழு பால் பெறும் குழுவைவிடப் பெரிதாக இருந்தது. அந்த வேறுபாடு எடையில் ஏறத்தாழ மூன்று மாத வளர்ச்சிக்கும், உயரத்தில் நான்கு மாத வளர்ச்சிக்கும் சமம். பரிசோதனை நடந்ததே நான்கு மாதங்கள்தான்! ஆயிரக்கணக்கான குழந்தைகளை உண்மையிலேயே குருட்டுவாக்கில் பிரித்திருந்தால் இவ்வளவு பெரிய வேறுபாடு வந்திருக்காது. ஏழைக் குழந்தைகள் பாலின் பக்கமும், வசதியுள்ள குழந்தைகள் மறு பக்கமும் சேர்ந்துவிட்டார்கள். ஆக, ஒப்பிட்டது பாலையா, குடும்ப வசதியையா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

இரண்டாவது குறை இன்னும் சுவையானது. குழந்தைகளை உடையோடு எடை போட்டார்கள். பிப்ரவரி கடுங்குளிர், ஜூன் கோடை. வசதியுள்ள குழந்தை பிப்ரவரியில் கனத்த கம்பளி உடை அணிந்திருக்கும். ஜூனில் மெல்லிய உடை. ஏழைக் குழந்தைக்கு இரண்டு பருவத்துக்கும் ஏறத்தாழ ஒரே உடைதான். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவருமே நான்கு மாதத்தில் உண்மையாக ஒரு கிலோ வளர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வசதியுள்ள குழந்தையின் உடை அரைக் கிலோ குறைந்துவிட்டது. தராசு அதன் வளர்ச்சியை அரைக் கிலோ என்றே காட்டும். ஏழைக் குழந்தையின் உடை மாறவில்லை; தராசு முழுக் கிலோவும் காட்டும். ஏழைக் குழந்தைகள் பால் குழுவில் மிகுதி. ஆகவே தராசு காட்டிய வேறுபாட்டில் பாலின் பங்கு எவ்வளவு, கம்பளியின் பங்கு எவ்வளவு?

மூன்றாவது குறை: எந்தப் பள்ளியிலும் இரு வகைப் பாலும் சேர்ந்து தரப்படவில்லை. ஒரு பள்ளிக்குக் காய்ச்சாத பால் மட்டும், இன்னொரு பள்ளிக்குச் சூடேற்றிய பால் மட்டும். பள்ளிக்குப் பள்ளி வட்டாரமும் வசதியும் வேறு. எனவே இரு வகைப் பாலையும் ஒப்பிட்டுச் சொன்ன முடிவும் ஆட்டம் கண்டது.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? காசெட் சொன்ன யோசனையைக் கேளுங்கள். உருவொத்த இரட்டையர் 50 ஜோடி போதும் என்றார்! ஒரே பிறவிக்கூறு, ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு நாணயத்தைச் சுண்டிவிட்டு, ஒருவருக்குப் பால் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் அளந்தால், 20,000 குழந்தைகளைவிட நம்பகமான விடை கிடைக்கும். செலவும் மிகமிகக் குறையும். எண்ணிக்கை பெரிதாக இருப்பதாலேயே உண்மை கிடைத்துவிடாது. தவறான தராசில் ஆயிரம் முறை நிறுத்தாலும் தவறு தவறுதான் என்பது இதன் பொருள்.

ஆசிரியர் செய்தது தவறா?

'மெலிந்த குழந்தைக்குப் பால் கொடுத்ததைப் போய்க் குற்றம் என்கிறீர்களே!' என்று உங்களுக்குக் கோபம் வரலாம். அந்தக் கோபம் நியாயமானது. காசெட்டும் ஆசிரியர்களின் நல்லெண்ணத்தைப் பழிக்கவில்லை. அவர் சுட்டிக்காட்டியது, நல்லெண்ணம் உள்ள மனிதரிடம் தேர்வை ஒப்படைத்த திட்டத்தின் குறையை.

இருவகை வேலைகள் இங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன. பசித்த குழந்தைக்கு உணவு கொடுப்பது ஒரு வேலை. எந்த உணவு எவ்வளவு பலன் தரும் என்று அறிவது இன்னொரு வேலை. முதல் வேலையில், யாருக்குத் தேவை அதிகம் என்று ஆசிரியரின் கண்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது வேலையில் அந்தக் கண்ணைக் கட்டிவிட்டு நாணயத்திடம் கேட்க வேண்டும். ஆசிரியரின் பரிவைத் தடுக்காமலே ஆய்வையும் நடத்த வழி உண்டு. மிக மெலிந்தவர்களுக்கெல்லாம் முதலிலேயே பால் கொடுத்துவிட்டு, அவர்களை ஒப்பீட்டிலிருந்து விலக்கியிருக்கலாம். எஞ்சியவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, முதல் நான்கு மாதம் பெறாதவர்களுக்கு அடுத்த நான்கு மாதம் கொடுத்திருக்கலாம்.

சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் இந்த முறையை வேளாண்மை ஆராய்ச்சியில் வலியுறுத்தி வந்தவர் ரொனால்டு ஃபிஷர். 1948இல் வெளியான, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனைக்குப் பின் அது மருத்துவ உலகில் வேரூன்றியது. இன்று புதிய மருந்தோ தடுப்பூசியோ வரும்போது இந்த முறையில்தான் சோதிக்கிறார்கள். அந்த முறையின் அவசியத்தை விளக்க, லானார்க்ஷயரின் பால் இன்றும் பாடப் புத்தகங்களில் எடுத்துக்காட்டாக நிற்கிறது.

பால் வந்தது, பால் போனது

ஆய்வில் குறை இருந்தாலும் திட்டம் காத்திருக்கவில்லை. 1934 முதல் பிரிட்டனின் பள்ளிகளில் மூன்றில் ஒரு பைண்ட் பால் அரைப் பென்னிக்கு விற்கப்பட்டது. மிக ஏழைகளுக்கு இலவசம். மிஞ்சிய பாலுக்குச் சந்தை கிடைத்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், பள்ளிப் பகலுணவு ஒன்றில் 1,000 கலோரி இருக்க வேண்டும் என்று அளவுகோல் வகுக்கப்பட்டது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பழைய 'செலவிடலாம்' என்பதை மாற்றி, உணவளிப்பதைக் கடமையாக்கியது. 1946இல் பள்ளிப் பால் எல்லோருக்கும் இலவசமாயிற்று.

ஆணை போட்டாயிற்று, இனி அதைக் குழந்தையின் வாய்வரை கொண்டுசேர்க்க வேண்டும். பால் புட்டிகள் காலையில் பள்ளி வாசலில் இறக்கப்படும். குளிர்காலத்தில் உறைந்துவிடும்; கோடையில் வெதுவெதுப்பாகித் திரியும். அந்தப் பாலை முகம் சுளித்துக்கொண்டு குடித்தவர்கள், வயதான பின்பும் பால் என்றாலே வெறுப்பதாகச் சொல்வதுண்டு. நிழலில் ஒரு பெட்டி, காலத்தோடு ஒரு இடைவேளை ஆகிய சிறு ஏற்பாடுகளில்தான் ஒரு நாட்டின் உணவுக் கொள்கை வெற்றியோ தோல்வியோ அடைகிறது.

1971இல் சிக்கனத்தின் பேரில், 7 வயதுக்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசப் பால் நிறுத்தப்பட்டது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர், பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர். நாடெங்கும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதற்குப் பின்னரே, தெற்கு வேல்ஸில் ஏழைக் குடும்பங்களின் 7, 8 வயதுக் குழந்தைகளை முறைப்படி குலுக்கிப் பிரித்து ஒரு சோதனை நடந்தது. லானார்க்ஷயரில் செய்யத் தவறியது இங்கே செய்யப்பட்டது. 1980இல் வெளியான முடிவு என்ன? நாளுக்கு 190 மில்லிலிட்டர் பால் பெற்றவர்கள், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களைவிடச் சுமார் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்தார்கள். அவ்வளவே!

1926இல் காரி மான் கண்டது ஒரே ஆண்டில் 20 மில்லிமீட்டர் வேறுபாடு. பாலின் சக்தி குறைந்துவிட்டதா? இல்லை. காரி மான் கொடுத்தது மூன்று மடங்கு அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, 1970களின் குழந்தைகள் வீட்டிலேயே முன்னைவிட நன்றாக உண்டார்கள். வறண்ட நிலத்தில் ஊற்றிய ஒரு குடம் நீர் பயிரைத் தூக்கி நிறுத்தும். ஈரமான நிலத்தில் அதே குடம் நீர் என்ன மாற்றத்தைச் செய்யும்? குழந்தையிடம் எது குறைகிறதோ, அதைக் கொடுக்கும்போதுதான் உணவு பேசும். ஆகவே ஒரு தலைமுறைக்கு வகுத்த பட்டியல் அடுத்த தலைமுறைக்கு அப்படியே பொருந்தும் என்று இருந்துவிடக் கூடாது.

பட்டியலை அறவே கைவிடுவதும் நல்லதல்ல. 1980இல் இங்கிலாந்து பள்ளி உணவுக்கான சத்து அளவுகோல்களை நீக்கியது. எண்ணெயில் பொரித்த பண்டங்கள் தட்டுகளில் பெருகின. குழந்தைகளின் உடல் பருமன் புதிய கவலையாயிற்று. 2001இல் குறைந்தபட்ச அளவுகோல்கள் திரும்ப வந்தன. 2006இல் இன்னும் கடுமையாக்கப்பட்டன. பிராட்போர்டில் கஞ்சியை ஒதுக்கிய குழந்தைகளைப் போலவே, இப்போதும் பல குழந்தைகள் காய்கறித் தட்டுகளை முதலில் ஒதுக்கத்தான் செய்தார்கள்!

குன்னூரில் கேட்ட அதே கேள்வி

இந்தக் கதையின் ஒரு கிளை நம் நீலகிரிக்கும் வருகிறது. குன்னூரில் இயங்கிய சத்துணவு ஆராய்ச்சிக்கூடத்துக்கு 1935இல் இயக்குநராக வந்தவர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு. அவரும் பி. ஜி. கிருஷ்ணனும், அரிசியே பிரதானமான உணவை உண்டு விடுதிகளில் வாழ்ந்த குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால் கொடுத்து எடையையும் உயரத்தையும் அளந்தார்கள். 1937இல் வெளியான அந்த ஆய்வு, அக்குழந்தைகளின் வளர்ச்சி மேம்பட்டதைக் காட்டியது. பாய்ட் ஆர் ஸ்காட்லாந்தில் கேட்ட கேள்வியை, சோறு உண்ணும் நாட்டில் மீண்டும் கேட்டுப் பார்த்த முயற்சி இது. அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று நாம் அறிவது அதைத்தான்.

பள்ளி உணவில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1956இல் காமராசர் காலத்தில் விரிந்த மதிய உணவும், 1982இல் எம். ஜி. ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 1989இல் தட்டில் சேர்ந்த முட்டையும், 2022இல் தொடங்கிய காலை உணவும் நீங்கள் அறிந்தவையே. சோற்றிலிருந்து முட்டைக்கு வந்த அந்தப் பயணத்தை இப்போது இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். 'வயிறு நிறைந்ததா?' என்ற கேள்வி, 'எது குறைகிறது?' என்ற கேள்வியாக வளர்ந்த வரலாறு அது.

அடுத்த முறை உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாளில் சற்று நின்று கவனியுங்கள். அங்கே ஓர் ஆசிரியை, 'செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு, சட்டைப்பையில் என்ன வைத்திருக்கிறாய், எடுத்து வை' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். கோலியும் பென்சிலும் மேசைக்கு வரும். அதே ஆசிரியை மதியம், மெலிந்த குழந்தை ஒன்றின் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றச் சொல்வார். காலையில் தராசின் முன்னே கண்டிப்பு, மதியம் தட்டின் முன்னே பரிவு. லானார்க்ஷயரில் ஒன்றோடொன்று கலந்து கெட்டுப்போன இரண்டையும், தனித்தனி நேரத்தில், தனித்தனி இடத்தில் அவர் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார்.